பிரேக் மிதிக்கிற கால்

"கால் எப்படி இருக்கு?" என்று கேட்டால் எங்கள் அறையில் யாரும் ஒரு வார்த்தையில் பதில் சொல்வதில்லை. சர்க்கரை வியாதிக்காரர்களின் கால் புண்ணைப் பார்க்கிற பிரிவில் நான் நர்ஸ். பல வருஷமாக அதே அறை, அதே ஸ்டூல், எதிரே யாருடைய காலாவது. மரத்துப்போன காலைப் பற்றி ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். ஒரு வாத்தியார், "எப்பவும் சாக்ஸ் போட்டுனு இருக்குற மாதிரி கீது சிஸ்டர், குனிஞ்சு பாத்தா சாக்ஸக் காணோம்" என்பார். பூக்கடைக்காரம்மாவுக்கு ஈர மணலில் நிற்கிற மாதிரி. மணிலாக்கொட்டை உடைக்கிற மில்லில் வேலை பார்ப்பவர், "காலு தூங்குது, நான்தான் முழிச்சினு கீறேன்" என்றார். டாக்டர் இதையெல்லாம் கேட்டுவிட்டு 'உணர்ச்சி குறைவு' என்று எழுதிவிடுவார். அவர் எழுதுவது சரிதான், எனக்குத்தான் மனசு கேட்காது. வீட்டுக்கு வந்து சோறு வேகிற நேரத்தில் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

இதுவரை யாரும் மிஞ்சாத ஒன்றைச் சொன்னவர் ஒரு ஆட்டோக்காரர். மலையடிவாரத்தில் அடி அண்ணாமலை என்கிற ஊரில் வீடு. வண்டியை பஸ் ஸ்டாண்டு பக்கம் போட்டிருப்பார். வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். முதல் நாள் வலது காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்துவிட்டு, சவாரிக்கு வந்தவர்கள் மறந்து விட்டுப்போன பையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார்.

"இது என் காலானே டவுட்டா கீது சிஸ்டர். பக்கத்து ஊட்டுக்காரன் கால் மாதிரி கீது. அங்க இன்னா நடக்குதுனு நமக்கு ஒன்னும் தெரியறதில்ல."

"பக்கத்து வீட்ல தீப்பிடிச்சாக்கூடவா தெரியாது?"

"நாத்தம் வந்தாதான் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

பக்கத்தில் நின்ற அவருடைய மனைவி சிரிக்கவில்லை. நாற்றம் வந்ததைக் கண்டுபிடித்து, சண்டை போட்டு, சவாரியைப் பாதியில் விடவைத்துக் கூட்டிவந்தது அந்தம்மாதான்.

கட்டைவிரலுக்குக் கீழே பாதம் மேடாக இருக்குமே, அங்கே புண். சுற்றிலும் தோல் காய்ப்பு ஏறித் தடித்திருந்தது. நடுவில் புளியங்கொட்டை அளவுக்குப் பள்ளம். கால் ஆணி என்று நினைத்து பிளேடு வேறு போட்டிருக்கிறார். நல்ல வேளையாக எக்ஸ்ரேயில் எலும்புக்கு எதுவும் ஆகவில்லை. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு அவரிடம் நேராகவே சொன்னார்: புண் எலும்புவரை போய்விட்டால் கட்டைவிரலை எடுக்க வேண்டிவரும், அதையும் தாண்டினால் பாதத்தின் முன்பகுதியே போகும்.

"இன்னா தொழில் பண்றீங்க?"

"ஆட்டோ சார்."

"பரவால்ல, உக்காந்து செய்யற வேலை. நடையக் கம்மி பண்ணுங்க. செருப்பு இல்லாம ஒரு அடி எடுத்து வெக்கக் கூடாது. வீட்டுக்குள்ளயும் போடணும்."

"ஒரு அடி வெக்கமாட்டேன் சார்" என்றார் அவர்.

வெளியே வராந்தாவில் அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டது. "வெரல எடுத்துட்டா இந்தாளு வண்டி ஓட்ட முடியுமா சிஸ்டர்? முடியலனா அவ்ளோதான். ஊட்ல ஒக்காந்தார்னா என்னையப் போட்டு ஓட்டுவாரு." விளையாட்டாகத்தான் சொன்னது. பிடித்த கையை மட்டும் விடவில்லை.

எங்கள் அறை வாசலில் ஒரு பலகை மாட்டியிருக்கிறோம்: 'செருப்புடன் உள்ளே வரவும்.' இந்த ஊரில் இப்படி ஒரு பலகை வேறெங்கும் இருக்காது என்று நினைக்கிறேன். கோயிலுக்கு வெளியே, மடத்துக்கு வெளியே, ஜெராக்ஸ் கடைக்கு வெளியேகூடக் கழற்றிவிட்டுப் பழகிய ஊர். பலகையை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, அதன் கீழேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார்கள். "படிச்சீங்க இல்ல?" என்று கேட்டால், "படிச்சேன் சிஸ்டர், அதுக்காவ அப்படியேவா வர்றது? மரியாதனு ஒன்னு கீது இல்ல" என்பார்கள்.

ஆட்டோக்காரர் அப்படியில்லை. மெத்தென்ற ரப்பரில், பின்னால் வாரும் மேலே ஒட்டுப்பட்டையும் வைத்து அளவெடுத்துத் தைத்த செருப்பை அவருக்குக் கொடுத்தோம். அதை மாட்டிக்கொண்டு புது மாப்பிள்ளை மாதிரி நடந்து உள்ளே வருவார். சீழ் அடங்கியது. வாரா வாரம் நான் காய்ப்பைச் செதுக்கிவிட்டு மருந்து வைத்துக் கட்டுவேன். எல்லாம் ஒழுங்காக நடந்தது. புண் மட்டும் மூடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நர்சிங் காலேஜிலிருந்து ஒரு மேடம் ஆராய்ச்சிக்காக எங்கள் பிரிவுக்கு வந்திருந்தார். கால் புண் உள்ளவர்கள் கொடுத்த செருப்பைப் போடுகிறார்களா, போட்டால் புண் எப்படி ஆறுகிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. என்னைவிட வயதில் சின்னவர். நான் கட்டுப் போடுவேன், அவர் கேள்வி கேட்பார். அந்தக் கேள்விகளை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்துதான் தயார் செய்தோம். வீட்டுக்குள்ளே போடுகிறீர்களா, தெருவில் போடுகிறீர்களா, குளியலறைக்குப் போகும்போது, மாடிக்குப் போகும்போது, எல்லாம் அதில் இருந்தது. ஆட்டோக்காரர் எல்லாவற்றுக்கும் "போடுறேன்" என்றார். நான் செருப்பைத் திருப்பி அடியைப் பார்த்தேன். நன்றாகத் தேய்ந்திருந்தது. பொய் சொல்லவில்லை. அந்தம்மாவும் சாட்சி சொன்னது.

"அடுப்பங்கரைக்குக்கூட போட்டுனு வராரு சிஸ்டர். நான் பல்லக் கடிச்சினு கம்முனு கீறேன்."

அப்புறம் ஏன் ஆறவில்லை? மேடம்தான் ஒன்றைக் கவனித்தார். கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்த புண், பௌர்ணமி முடிந்து வருகிறபோது மறுபடி பள்ளமாகியிருந்தது. அடுத்த பௌர்ணமிக்கும் அப்படியே. எங்கள் ஊரில் பௌர்ணமி என்றால் என்ன? மலை சுற்றுவது. செருப்பில்லாமல் சுற்றுவது. நான் அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"அண்ணா, உண்மையச் சொல்லுங்க. யாருக்கும் தெரியாம மலை சுத்துறீங்களா?"

அவருக்கு முகம் விழுந்துவிட்டது. "மலை மேல சத்தியமா இல்ல சிஸ்டர். அன்னைக்கு எனக்கு மூச்சு விட நேரம் ஏது? ஊருக்கு வெளிய பஸ்ஸை நிறுத்திடுறாங்க, அங்கிருந்து ஜனத்த ஏத்தினு வர்றது, எறக்குறது, மறுபடி போறது. நான் சுத்துறதெல்லாம் வண்டிலதான். சாமிக்கு அது தெரியும், உங்களுக்குத்தான் தெரியல."

அந்தம்மா அதற்குமேல். "கோயில் வாசல்ல நின்னு ஒரு கும்புடு போட்டுட்டு வந்துடறாரு. அதுக்கும் செருப்பக் கழட்டுறப்ப நான் போர்வைய மடிச்சி காலுக்கடில போடுறேன். இவரப் போயி திருடன மாதிரி கேக்குறீங்களே."

டாக்டர் புண்ணை ஒரு கம்பியால் மெல்லத் தொட்டு ஆழம் பார்த்தார். கம்பியைத் தட்டில் வைத்தார். பிறகு சொன்னார்: "அடுத்த பௌர்ணமிக்குள்ள ஒரு வழிக்கு வரணும். இல்லைன்னா இது எலும்புக்குப் போறதுக்கு முன்னாடி வெரல எடுத்துடறதுதான் பாதத்துக்கு நல்லது." ஆட்டோக்காரர் தலையை ஆட்டினார். அன்றைக்குப் போகும்போது அந்தப் புது மாப்பிள்ளை நடை இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம், நானும் மேடமும் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தோம். இரண்டு பேருக்கும் வேங்கிக்கால் பக்கம்தான் வீடு. பஸ் ஒன்றும் நிற்கிற மாதிரி இல்லை. எதிரே இருந்து "சிஸ்டர், ஏறுங்க" என்று குரல். நம் ஆள்தான். ஏறி உட்கார்ந்தோம்.

அவர் டீ கிளாஸைக் கடையில் கொடுத்துவிட்டு வந்தார். வண்டிப் பக்கத்தில் நின்று குனிந்து செருப்பின் ஒட்டுப்பட்டையை 'சர்'ரென்று பிரித்தார். வலது, அப்புறம் இடது. இரண்டையும் அடியோடு அடி தட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டு சீட்டுக்கடியில் செருகினார். வண்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினார். கண்ணாடிக்கு மேலே மலை படம், அதற்கு முல்லைச்சரம். வண்டி கிளம்பியது.

இதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மேடமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எங்களுக்கு எதுவும் தோன்றவில்லை. தோன்றாதது அதிசயமும் இல்லை. என் தம்பி லாரி ஓட்டுகிறவன். அவன் இன்றைக்கும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுகிறான். பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சி எப்படிக் கண்ணில் படும்?

ஒரு வேகத்தடை வந்தது. அவருடைய வலது கால் போய் பிரேக்கை அழுத்தியது. நான் கட்டிவிட்ட வெள்ளைக் கட்டு. கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற மேடு. அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தியது. முன்னால் ஒரு மாடு. மறுபடி அழுத்தம்.

"அண்ணா, நிறுத்துங்க!" என்று கத்தினேன். அவர் பதறிப்போய் இன்னும் அழுத்தி மிதித்து நிறுத்தினார்.

"இன்னா சிஸ்டர், எதனா மறந்துட்டீங்களா?"

"உங்க செருப்பு எங்க?"

"சீட்டுக்கடில பத்திரமா கீது. ஏன்?"

"ஏன் கழட்டினீங்க?"

இவளுக்கு என்ன ஆயிற்று என்கிற மாதிரி அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "வண்டில எப்பிடி சிஸ்டர் செருப்போட ஏறுவேன்? சோறு போடுற எடம்."

மேடம் கேட்டார், "நாங்க செருப்போடதான ஏறினோம்?"

"நீங்க சவாரி மேடம். பின்னாடி எடம் வேற, முன்னாடி எடம் வேற. டாக்டரு நடக்கும்போது போடச் சொன்னாரு. நடக்குறப்ப ஒரு அடி செருப்பு இல்லாம வெச்சேனா கேளுங்க. இதுல நான் எங்க நடக்கிறேன்? ஒக்காந்துதான கீறேன்?"

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நாங்கள் எல்லோருமே அப்படித்தான் நினைத்திருந்தோம். உட்கார்ந்து செய்யும் வேலை என்று டாக்டரும் நிம்மதிப்பட்டார், நானும் பட்டேன்.

இறங்கி முன்பக்கம் போய்க் குனிந்து பார்த்தேன். பிரேக் மிதியில் ரப்பர் என்றைக்கோ போய்விட்டது. வெறும் இரும்பு. சுற்றிலும் அழுக்கும் எண்ணெயும் ஏறிக் கறுத்துக் கிடக்க, ஓரத்தில் ஒரு இடம் மட்டும் வெள்ளிக் கொலுசு மாதிரி பளபளவென்றிருந்தது. வருஷக்கணக்காக அவர் பாதம் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய பளபளப்பு.

"அண்ணா, கைய வெச்சு அழுத்திப் பாருங்க."

உள்ளங்கையை வைத்து அழுத்தினார். சட்டென்று எடுத்துவிட்டார். கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார். "இவ்ளோ கூரா கீது? கைக்குத் தெரியுதே சிஸ்டர்."

"பௌர்ணமி அன்னைக்கு எத்தனை தடவை மிதிப்பீங்க?"

"அன்னைக்கு ஓட்டுறதே பிரேக்குலதான். ஜனத்துக்கு நடுவுல ஆக்சிலேட்டருக்கு இன்னா வேல?" சொல்லிக்கொண்டு வந்தவர் பாதியில் நிறுத்தினார். குனிந்து அந்த மிதியையே பார்த்தார். பிறகு மேடம் சிரிக்க ஆரம்பித்தார். அழுகிற மாதிரி ஒரு சிரிப்பு. நானும் சிரித்தேன். விரல் தப்பிக்க வழி இருக்கிறது என்று தெரிந்துவிட்டதே.

மறுநாளே டாக்டர் அவர் காலுக்கு முட்டிக்குக் கீழே பூட்ஸ் மாதிரி ஒரு கட்டுப் போட்டார். பாரம் புண்ணின் மேல் விழாமல் கால் முழுக்கப் பரவுகிற கட்டு. வாரத்துக்கு ஒரு தடவை பிரித்து, புண்ணைப் பார்த்து, மறுபடி போடுவோம். அதோடு வண்டி ஓட்ட முடியாது. அந்தம்மாவின் தம்பி, அவருடைய மச்சான், வண்டியை எடுத்துக்கொண்டான். இவர் சும்மா இருப்பாரா? பின்சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "பிரேக்கு, பிரேக்கு, டேய் பிரேக்கு!" என்று வழியெல்லாம் கத்துவாராம். ஒரு நாள் மச்சான் வண்டியை நிறுத்தி, "மாமா, ஒன்னு நீ ஓட்டு, இல்ல நான் ஓட்டுறேன், ரெண்டு பேரும் ஓட்டுனா சவாரி பயப்படுது" என்று சொல்லி ஸ்டாண்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான். அந்தம்மா இதை எனக்கு நடித்தே காட்டியது.

கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் நான் முதலில் வாசனை பார்ப்பேன், அப்புறம்தான் கண்ணால் பார்ப்பேன். முதல் தடவை பிரித்தபோதே பள்ளம் மேலே வந்திருந்தது. அடியில் மாதுளை முத்து மாதிரி புதுச் சதை. அடுத்தடுத்த தடவைகளில் ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பாகத் தோல் உள்நோக்கி வந்தது. டாக்டர் சொன்ன பௌர்ணமியும் வந்தது. டாக்டர் அந்தக் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெரல் அங்கயே இருக்கட்டும், நல்லாதான் இருக்கு" என்றார். அந்தம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டது.

இதோடு கதை முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. புண் மூடி, கட்டை எடுத்து, வண்டி ஓட்டலாம் என்று சொல்கிற நாளில் அவர் முரண்டு பிடித்தார். பிரேக்குக்குப் புது ரப்பர் போட்டுவிட்டாராம். செருப்போடு மட்டும் ஏறமாட்டாராம்.

"ரப்பர் போதாதுண்ணா. உங்களுக்குத் தெரியாமலே மறுபடி காய்ப்பு ஏறும், உடையும்."

"நீங்க சொல்ற எல்லாத்தையும் கேட்டேன் சிஸ்டர். இது மட்டும் வோணாம். பஸ் ஸ்டாண்டுல மிதிக்கிற அசிங்கத்த எல்லாம் கொண்டாந்து அது மேல வெக்கச் சொல்றீங்களா?"

டாக்டர் சொல்லிப் பார்த்தார். மேடம் படம் போட்டு விளக்கினார். மனுஷன் அசையவில்லை. அவரைத் தப்பென்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. நான் என் சமையலறைக்குள் செருப்போடு போவேனா? அவர் பயப்படவில்லை என்றும் சொல்ல முடியாது. பேசும்போதெல்லாம் கட்டைவிரலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதுவரை மூலையில் பையைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தம்மாதான் பேசியது.

"ஏங்க, நம்ம ஊட்ல ஊறுகா ஜாடிக்கு இன்னா பண்றோம்? ஈரம் படாத ஸ்பூனு ஒன்னு தனியா வெச்சிக்கிறோம். அத வேற எதுக்கும் எடுக்கிறதில்ல. அந்த மாதிரி வண்டிக்கு மண்ணு படாத செருப்பு ஒன்னு வெச்சிக்க. கடைலருந்து வந்தா நேரா வண்டிக்குள்ளயே போவட்டும். தரைலயே எறங்க வோணாம். அப்ப அது செருப்பா? அதுவும் வண்டியோட ஒரு பார்ட்டு."

அறையில் எல்லோரும் அந்தம்மாவையே பார்த்தோம். ஆட்டோக்காரர் மோவாயைத் தடவினார். "எறங்குறப்ப?"

"எறங்குறப்ப ரோட்டு செருப்பப் போட்டுக்க. கை இல்லயா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "ஊறுகாயில கொண்டாந்து வெச்சிட்டியே என்ன" என்றார். அவர் ஒப்புக்கொண்டார் என்று அதற்கு அர்த்தம்.

இரண்டாவது ஜோடி தைத்து வந்த அன்று ஆஸ்பத்திரி வாசலிலேயே வண்டி நின்றது. அந்தம்மா செருப்பைப் பேப்பரில் சுற்றியபடியே என்னிடமிருந்து வாங்கி, தரையில் வைக்காமல் கொண்டுபோய் வண்டிக்குள் வைத்தது. மலை படத்துக்குக் கற்பூரம் காட்டியது. அவர் ஏறி உட்கார்ந்து, காலை உள்ளே இழுத்து, படத்தைப் பார்த்து வாய்க்குள் என்னவோ முணுமுணுத்துவிட்டு மாட்டிக்கொண்டார். என்ன வேண்டினீர்கள் என்று நான் கேட்கவில்லை. மன்னிப்பாகத்தான் இருக்கும்.

மேடம் தம் கேள்விகளில் மாற்றம் செய்தார். 'செருப்பு போடுகிறீர்களா' என்பதோடு 'எங்கெல்லாம் கழற்றுவீர்கள்' என்றும் கேட்க ஆரம்பித்தோம். அப்பாடா, என்ன பேச்சு! டெய்லர் மிஷினை மிதிக்கும்போது கழற்றுகிறார். மளிகைக்கடைக்காரர் கல்லாவில் உட்காரும்போது. செங்கம் ரோட்டிலிருந்து வருகிற ஒரு விவசாயி, "களத்துல நெல்லு கொட்டிக் கெடக்க சொல்லோ எவனாவது செருப்போட போவானா சிஸ்டர்?" என்று எங்களையே கேட்டார். வெயிலில் கொதிக்கிற சிமெண்டு களம், மரத்துப்போன பாதம். எதெது சோறு போடுகிறதோ அதன் முன்னால் எல்லோரும் கழற்றியிருக்கிறார்கள். கழற்றாதே என்று சண்டை போடுவதை விட்டுவிட்டோம். அந்தந்த இடத்துக்கென்று மண் படாத ஜோடி ஒன்றைத் தைக்கச் சொல்கிறோம். ஊறுகாய் ஸ்பூன் என்று நாங்கள் அதற்குப் பெயரே வைத்துவிட்டோம். சிலர் கேட்கிறார்கள். சிலர் இன்னும் தலையை மட்டும் ஆட்டுகிறார்கள். மேடத்தின் ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது.

போன பௌர்ணமிக்கு முதல் நாள் அவர் வண்டியில் ஏறினேன். ஊர் அதற்குள்ளேயே நிரம்பத் தொடங்கியிருந்தது. ஒரு வேன்காரன் குறுக்கே திருப்பி, வண்டியை உரசுகிற மாதிரி நிறுத்தினான். நம் ஆள் கெட்ட கோபக்காரர். "டேய்!" என்று ஒரு காலை வெளியே வைக்கப் போனவர் அப்படியே நின்றார். குனிந்து ஒட்டுப்பட்டையைப் பிரித்து, வண்டிச் செருப்பைக் கழற்றி, சீட்டுக்கடியிலிருந்து பையை எடுத்து, ரோட்டுச் செருப்பை ஒவ்வொன்றாக மாட்டி நிமிர்வதற்குள் வேன் போய்விட்டது.

திரும்பவும் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு உட்கார்ந்தார். "இந்த ரெண்டு ஜோடி வந்ததுலருந்து எனக்குச் சண்டையே இல்ல சிஸ்டர். மாத்துறதுக்குள்ள கோவம் எறங்கிடுது. ஸ்டாண்டுல எவனும் என்ன மதிக்கிறதில்ல."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கால் எப்படி இருக்கு? பக்கத்து வீட்டுக்காரன்துதானா இன்னும்?"

"அவன்துதான். உணர்ச்சி எங்க திரும்பி வரப்போவுது?" என்றார். "ஆனா இப்ப பேச்சுவார்த்தை வெச்சினு கீறேன். தெனம் காலைல கண்ணாடிய அடில புடிச்சி, இன்னாப்பா நல்லா கீறியானு பாத்துட்டுதான் வெளிய வர்றேன்."

முன்னால் ஒரு கூட்டம் அரோகரா சொல்லிக்கொண்டு குறுக்கே வந்தது. அவர் மெத்தென்ற ரப்பர் செருப்போடு பிரேக்கை மிதித்தார். அவர்கள் போய் முடிக்கிறவரை வண்டி நின்றது.